அம்மா எப்போது சாப்பிட்டாள்?

போன மாதம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் நன்றாகப் பேசக்கூடியவர். பிள்ளைகள் செல்போனும் கையுமாகத் திரிவதில் தொடங்கி, பீட்சா, பரோட்டா, ஆப்பைத் தட்டினால் வாசலுக்கு வரும் பிரியாணி என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, கடைசியில் அடுப்படியில் போய் நின்றார். அந்தக் காலத்தில் குடும்பம் மொத்தமும் வட்டமாக உட்கார்ந்து அம்மா கையால் சாப்பிட்டோம், அதனால் பாசம் இருந்தது, ஒழுக்கம் இருந்தது, நோய்நொடி இல்லை. பெண்கள் என்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வந்தார்களோ அன்றைக்கே குடும்பம் குலைந்தது என்றார். அரங்கமே கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியும் தட்டினார். அன்று காலையில் அவர் எத்தனை டப்பா கட்டிவிட்டு வந்தாரோ.

நான் தட்டவில்லை. மேடையேறிப் பதில் சொல்லும் இடமும் அதுவல்ல. ஆனால் இது அவர் ஒருவருடைய பேச்சாக இருந்தால் அன்றே மறந்திருப்பேன். பட்டிமன்றத்தில் கேட்கிறோம், கல்யாண வீட்டில் கேட்கிறோம், விடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு விளக்குப் படத்தோடு வந்து விழுகிறது. வீட்டுச் சாப்பாடுதான் ஆளை ஆளாக்குகிறது என்கிறார்கள். ஆக்கத்தான் செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரை என்னவாக ஆக்கியது என்பதில்தான் என் வழக்கு.

முதலில் அந்த வட்டத்தைப் பார்ப்போம். எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம். அப்பா மில்லுக்குப் போனார், அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினாள். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. முதலில் தாத்தாவும் அப்பாவும். அவர்கள் கை கழுவிய பிறகு அண்ணனும் நானும். அக்கா தண்ணீர்ச் செம்பும் கரண்டியுமாக நிற்பாள். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். அம்மா அடுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பாள். "நீயும் உக்காரேன்" என்று எப்போதாவது ஆச்சி சொன்னால், "பொறவு சாப்பிடுதேன்" என்பாள். மாதத்தில் ஒரு நாள் தவிர, என் பிள்ளைப் பருவம் முழுக்க அந்தப் 'பொறவு' எத்தனை மணிக்கு வந்தது என்று நான் பார்த்ததே இல்லை. நான் தூங்கியிருப்பேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் எடுப்பார்கள். விலை கூடின மீன், அரைக் கிலோதான். சில துண்டுகள்தான் தேறும். நடுத்துண்டு அப்பாவுக்கு. தாத்தாவுக்கு முள் இல்லாததாக ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வால் பக்கம் அக்காவுக்கு. எல்லாரும் எழுந்த பிறகு அம்மா குழம்புச் சட்டியை மடியருகே இழுத்து வைத்து, அதிலேயே சோற்றைப் போட்டு, அடியில் ஒட்டியிருக்கும் மசாலாவை விரலால் வழித்துப் பிரட்டுவாள். அந்த வாசனைக்கே நானும் அண்ணனும் தூங்காமல் காத்திருந்து மறுபடி ஓடுவோம். ஆளுக்கொரு உருண்டை கிடைக்கும். உலகத்தில் அதைவிட ருசியான ஒன்றை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. கல்லூரி நாட்களில் அந்தச் சட்டிச் சோற்றைப் பற்றி உருகி ஒரு கட்டுரைகூட எழுதினேன். அதைப் படித்துவிட்டு அக்கா சொன்னாள்: "சட்டியில மீனே கிடையாதுன்னு உனக்குத் தெரியாதால? ஒங்க ரெண்டு பேருக்கும் உருட்டிக் குடுத்தது போக அவளுக்கு ஒரு கை இருக்கும். தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடுவா."

ஒரே வீடு, ஒரே சட்டி. நான் அதில் பாசத்தைப் படித்தேன், அக்கா கணக்கைப் படித்தாள். இன்னும் எத்தனை பேர் சாப்பிட வேண்டும், குழம்பு எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். எனக்கு அந்தக் கணக்கு இன்றுவரை வராது. உப்பு குறைந்தால் முகம் சுளிக்கலாம், இன்னொரு துண்டு கேட்கலாம், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம், யாரோ எடுப்பார்கள் என்பதுதான் நான் கற்றது. குடும்பச் சாப்பாடு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறது என்று மேடையில் சொன்னாரே, இதுதான் அந்தப் பாடம். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

எங்கள் வீடு ஏதோ கொடுமைக்கார வீடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பா குரல் உயர்த்தாத மனிதர். தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் முறை. முறையாக இருந்ததால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

இன்றைக்கு மாறிவிட்டது என்பார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. சமையல், துப்புரவு போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலையில் கைவைத்த பெண்கள் 100-க்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அப்படிக் கைவைத்தவர்களில் பெண் ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிடம் ஆகியிருந்தது. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் மிச்சம். ஆணுக்கு 88, அவர் வேலையும் குறைந்திருந்தது! அடுப்பை விட்டுப் பெண்கள் ஓடிவிட்டார்கள் என்று மேடையில் அழுகிறவர்கள் எந்த ஊர்ப் பெண்களைப் பார்த்து அழுகிறார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை. அதே வயது ஆண்களில் 25. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். மாதவிடாய், பிரசவம், குடற்புழு என்று இதற்குக் காரணங்கள் பல. கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிற உடம்புக்கு மீனும் முட்டையும் கீரையும் கடைசியாகப் போய்ச் சேர்கிற ஒரு வரிசையை, ஆரோக்கியத்தின் அடையாளம் என்று கூசாமல் சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

'அந்தக் காலம்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். எந்தக் காலம், யாருடைய காலம்? கரிசல்காட்டில் நெல்லுச்சோறு என்றாலே நல்ல நாள். கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் தினப்பாடு. இட்லிக்கு உளுந்து நனைத்தால் தீபாவளி வரப்போகிறது என்று தெருவுக்கே தெரியும். காட்டு வேலைக்குப் போன பெண் சாயங்காலம் வந்துதான் உலை வைப்பாள். ராத்திரி சுடுசோறு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கஞ்சி, அதுவே தூக்குவாளியில் மதியத்துக்கும். ஒரு வேளைதான் சமையல். நாற்று நட்டவளும் களை எடுத்தவளும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவளும் என்றைக்கு வீட்டில் இருந்தார்கள், இப்போது 'வெளியே வர'? காலையில் இட்லி, மதியம் சாம்பார் ரசம் பொரியல், ராத்திரி தோசை, மூன்றும் சுடச்சுட என்ற ஒழுங்கு பெருவாரியான வீடுகளுக்கு கேஸும் மிக்சியும் கிரைண்டரும் வந்த பிறகு வந்தது. வசதி வந்தது, கூடவே எதிர்பார்ப்பும் வந்தது. ஆட்டுக்கல்லில் மிச்சமான நேரத்தை மூன்று வேளைச் சூடு தின்றுவிட்டது. நேற்று வந்த இந்த ஒழுங்கைத்தான் பாட்டன் காலத்துப் பண்பாடு என்று பெண்ணின் தலையில் வைக்கிறார்கள்.

வசதியான, படித்த வீடுகளிலும் கைமணம் தானாக அம்மாவிடமிருந்து மகளுக்கு ஒழுகி வந்துவிடவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது 1951-இல். கூட்டுக் குடும்பத்தை விட்டு வெளியூரில் தனிக்குடித்தனம் போன பெண்களுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை, புத்தகம் தேவைப்பட்டது. எழுபது வருடத்துக்கு மேலாகத் தமிழ்ப் பெண்கள் அளவு பார்த்து, தப்பாகச் செய்து, மறுபடி செய்துதான் கற்றிருக்கிறார்கள். அது உழைத்துக் கற்ற திறமை. உழைத்துக் கற்றதை ரத்தத்தில் வந்தது என்று சொன்னால் கூலியும் கொடுக்க வேண்டாம், நன்றியும் சொல்ல வேண்டாம்.

கூலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மிக நல்ல சமையலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நளபாகம். கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டும் தவசிப்பிள்ளை ஆண், பரோட்டா மாஸ்டர் ஆண், டீ மாஸ்டர் ஆண். ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிற கைக்கு வீட்டில் நாலு பேருக்கு ரசம் வைக்க வராது என்றால் யார் நம்புவது? காசு கிடைக்கிற இடத்தில் சமையல் தொழில், ஆணுக்கு. கிடைக்காத இடத்தில் தாய்மை, பெண்ணுக்கு.

சரி, வீட்டு அடுப்பை விட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்களே, அதற்கு என் அப்பாவின் கதையே பதில். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் எங்களுக்குப் பக்கத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கியது. அரசாங்கப் பணம் பிறகுதான். முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த தானியத்தில் உலை கொதித்தது. அப்பா அந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் மதியத்துக்கு எதுவும் இருக்காது என்பதால் ஆடு மேய்க்கப் போகவிருந்த பையன், சோறு கிடைக்கிறது என்பதால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். மில் வேலை கிடைத்தது அந்த எட்டாம் வகுப்பால். நான் இன்று எழுதுவது அந்த மில் சம்பளத்தால். என்னை ஆளாக்கிய சாப்பாட்டில் என் ஆச்சி சமைத்ததற்கு எவ்வளவு பங்கோ, முகம் தெரியாத ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரர் கிண்டியதற்கும் அவ்வளவு பங்கு உண்டு. அவரை எந்த மேடையிலும் யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளிச் சாப்பாட்டில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்ல முப்பது வருடம் பின்னால் போக வேண்டும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்று 1920-களில் தமிழ்நாடே கொந்தளித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். காங்கிரசுக்குள்ளேயே பெரிய பிளவை உண்டாக்கிய விவகாரம் அது. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்கு இந்த மண்ணில் அவ்வளவு கனம். முப்பது வருடம் கழித்து எட்டயபுரத்துப் பள்ளித் திண்ணையில் அப்பா ஒரே வரிசையில் உட்கார்ந்து தட்டை நீட்டினார். பக்கத்தில் யார் என்று கேட்காமல் சாப்பிடும் பழக்கம் அவருக்கு வீட்டில் வரவில்லை. வீட்டில் சில சாதிக்காரர்கள் வாசப்படி தாண்ட மாட்டார்கள். அவர்களுக்குத் தனித் தம்ளர். அந்தத் தம்ளரையும் 'வீட்டுச் சாப்பாடு' என்ற இனிய சொல்லுக்குள்ளேதான் வைத்திருந்தோம். 2018-இல் அவிநாசி பக்கம் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் மறித்தார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடமா, வீட்டுப் பந்தியா?

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அந்த மதிய உணவுத் திட்டத்தைச் சத்துணவாக விரித்தபோது கணவனை இழந்த பெண்களும் ஆதரவற்ற பெண்களும் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். பெண் செய்யும் சமையலுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுத்தது. போதாத பணம்தான், காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் இன்னும் தெருவில் நிற்கிறார்கள். ஆனாலும் அது வேலை என்று ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது என் சொந்தக்காரர் ஒருவர் வருத்தப்பட்டார்: "காலைச் சாப்பாடாவது அம்மா கையால கிடைக்க வேண்டாமா?" அவர் வீட்டில் ஆறரை மணிக்கே வந்து சமைத்துக் கொடுக்கும் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த அக்கா இவர் பேரனுக்குப் பூரி பொரிக்கிற நேரத்தில் அவள் பிள்ளைகள் எதைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயின என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பள்ளியில் ரவா உப்புமாவும் கிச்சடியும் வந்த பிறகுதான் அவள் நிம்மதியாக வேலைக்கு வருகிறாள்.

எதிர்த்தரப்பில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அமெரிக்க ஆய்வுகளைக் காட்டுவார்கள். ராத்திரி குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகள் போதைக்குப் போவதில்லை, மனச்சோர்வு குறைவு, மதிப்பெண் கூடுதல் என்று. அந்தத் தொடர்பு உண்மைதான். கெல்லி மியூசிக், ஆன் மேயர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2012-இல் அதையே பிரித்துப் பார்த்தார்கள். வீட்டில் பெற்றோரும் பிள்ளையும் எப்படிப் பழகுகிறார்கள், வசதி எப்படி என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்தபோது சாப்பாட்டு மேசையின் பங்கு வெகுவாக இறங்கிவிட்டது. பேச்சு இருக்கிற வீட்டில்தான் சேர்ந்து சாப்பிடவும் செய்கிறார்கள். பேச்சு இல்லாத வீட்டில் தட்டுகளை வட்டமாக வைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. எங்கள் வீட்டில் அப்பா சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது என்பதே சட்டம்.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைச் சாப்பாட்டுக்கு நான் வக்கீல் இல்லை. பாக்கெட் தீனி பிள்ளைகளைக் கெடுப்பதும் உண்மை. ஆனால் ஐ.சி.எம்.ஆர். துணையோடு நடந்த பெரிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-இல் சொன்னது. அந்த 10 கோடிப் பேரும் ஹோட்டலில் குடியிருந்தவர்களா? தீட்டிய வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்து, பொரியலை நெற்றிப் பொட்டளவுக்கு வைக்கிற தட்டு நம் வீட்டுத் தட்டுதான். வீட்டில் ஆக்கியது என்பதற்காக மாவுச்சத்து மன்னித்து விடுவதில்லை.

இவ்வளவும் சொன்னதால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் ஆப்பில் வாங்கித் தின்னுங்கள் என்கிறேனா? வீட்டுச் சமையலை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே வராது. கடுகு வெடித்து, கறிவேப்பிலை விழுந்து, ஒரு நொடி வீடு முழுக்க அந்த வாசனை நிறைகிறதே, அது எந்தப் பொட்டலத்திலும் வராது. அதனால்தான் அதை ஒரே ஒருத்தியின் முதுகில் ஏற்றி, அவள் களைத்தால் பண்பாடு செத்தது என்று ஒப்பாரி வைப்பதை எதிர்க்கிறேன். வீட்டுச் சமையல் பிழைக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிற ஆண், நாளைக் காலையில் மாவு ஆட்டட்டும். மகனுக்கு வெங்காயம் நறுக்கச் சொல்லிக் கொடுக்கட்டும். அம்மா உட்காராமல் இந்த வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை என்று ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். மேடையில் பேசியவர் இதில் எதையும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: பெண்கள் திரும்பிப் போக வேண்டும்.

அம்மாவுக்கு அறுபது வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டு மாதம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது. அக்கா பத்து நாள் இருந்துவிட்டுப் போன பிறகு, ஒரு நாள் மதியம் அப்பா அடுக்களைக்குள் போனார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அஞ்சறைப் பெட்டியின் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று அவருக்குத் தெரியாது. சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் கேட்க இரண்டு தடவை கட்டிலுக்கு வந்தார். புளியை எவ்வளவு ஊறப்போட வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அது தெரியும் என்று நினைத்துவிட்டார் போல. ஒன்றரை மணி நேரம் கழித்து ரசமும் சோறும் ஒரு அப்பளமும் வந்தன. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தட்டை முக்காலியில் வைத்தார். சோற்றிலிருந்து ஆவி பறந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"புளி கூடிட்டு" என்றாள்.

ஒரு சாப்பாட்டைக் குறை சொல்லி அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய், அடுப்பில் வெந்நீர் வைத்து எடுத்து வந்து, அவள் போதும் என்று சொல்லும் வரை ரசத்தில் ஊற்றினார்.